எலும்பும் ஸ்டிரான்ஷியமும்

மூப்படைந்த தாய்மார் சிறிது இடறி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையுறுவதை நாம் ஊர்தோறும் காண்கின்றோம். அத்தகைய இல்லத்தில் தறி ஓய்கிறது, கடன் ஏறுகிறது. எலும்புக்கு உறுதி தரும் எனக் கூறி ஸ்டிரான்ஷியம் அடங்கிய மாத்திரைகள் இந்நாளில் இணையத்தின் வாயிலாகவும் விற்கப்படுகின்றன. இப்பொருளின் தன்மையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஸ்டிரான்ஷியம் ஓர் உலோகம். ஸ்காத்லாந்தில் ஸ்டிரான்ஷியன் என்னும் சிற்றூரின் சுரங்கத்திற் கிடைத்த கனிப்பொருளால் இதற்கு இப்பெயர் வந்தது. 1808-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி இதனைத் தனியே பிரித்தெடுத்தார். வாணவேடிக்கையில் நாம் காணும் செந்நிறம் பெரும்பாலும் இதன் உப்புகளால் உண்டாவதே. இரசாயன இயல்பில் இது சுண்ணாம்புச் சத்தாகிய கால்ஷியத்தை ஒத்தது. ஆதலால் உணவின் வழியே உடலிற் சேரும் ஸ்டிரான்ஷியம் ஏறக்குறைய முழுவதும் எலும்பிலேயே தங்குகிறது.

இவ்வொற்றுமையால் தீமையும் உண்டு, நன்மையும் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளில் உண்டாகும் ஸ்டிரான்ஷியம்-90 கதிர்வீச்சு உடையது. அது மழையோடு புல்லிலும், பின்னர்ப் பாலிலும் கலந்து, குழந்தைகளின் பற்களிற் சேர்ந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் பாற்பற்களைத் திரட்டி இதனை ஆராய்ந்தனர். மற்றொரு வகையாகிய ஸ்டிரான்ஷியம்-89, எலும்பிற் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்க ஊசி வழியே செலுத்தப்படுவதாகும்.

இனி, எலும்புத் தேய்விற்கு வருவோம். எலும்பில் பழையதை அரித்தெடுக்கும் உயிரணுக்களும், புதியதைக் கட்டும் உயிரணுக்களும் ஓயாது தொழில் புரிகின்றன. சங்கக் கணக்கைப் போன்று வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை எலும்பு உறுதியாக நிற்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் செலவு வரவை விஞ்சுகிறது. இதற்கு மருந்தாக ஸ்டிரான்ஷியம் ரானலேட் என்னும் உப்பிற்கு 2004-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. 1,649 பெண்களிடம் மூன்றாண்டுகள் நடத்திய ஆய்வில், முதுகெலும்பில் புதிய முறிவு நேரும் அபாயம் 41 சதவிகிதம் குறைந்தது.

ஆயினும், இம்மருந்தை உட்கொண்டோரிடையே மாரடைப்பு மிகுதியாதல் பின்னர்த் தெரியவந்தது. 2014-இல் அங்கே இதற்குக் கடுங்கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2017-இல் இதனை முதலில் ஆக்கிய நிறுவனம் விற்பனையை நிறுத்திற்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஸ்டிரான்ஷியம் கால்ஷியத்தினும் கனமானது. எக்ஸ் கதிர்களை மிகுதியாகத் தடுப்பது. எனவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனையில், இதனை உட்கொண்டோரிடம் காணும் உயர்வில் ஏறத்தாழப் பாதி வெறும் தோற்றமே. கஞ்சி மிகுந்த துணி தராசிற் கனக்கும். நீரில் அலசினால் உண்மை எடை தெரியும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. கடையில் விற்கும் ஏனைய ஸ்டிரான்ஷியம் உப்புகள் முறிவைத் தடுக்கும் என்பதற்கு மேற்கூறியது போன்ற பெரிய ஆய்வுச் சான்று இல்லை. கால்ஷியம் குறைந்த உணவோடு மிகுதியான ஸ்டிரான்ஷியம் ஊட்டப்பெற்ற பிராணிகளின் எலும்பு மென்மையுற்றதும் அறியப்பட்டுள்ளது.

ஆகவே, மருத்துவரின் ஆலோசனையின்றி இதனை வாங்கற்க. இதய நோயுற்றோர் இதனை அறவே விலக்குக. நம் வயலில் விளையும் கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்ஷியம் உண்டு. பாலும் மோரும் கீரையும் துணை நிற்கும். நாள் முழுதும் குழித்தறியில் அமர்வோர், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி' உண்டாகும் பொருட்டு, சிறிது நேரமேனும் வெயிலில் நடத்தல் வேண்டும். ஒருமுறை எலும்பு முறிந்த மூத்தோரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டுக. தேய்வைத் தடுக்கும் வேறு நல்ல மருந்துகள் இன்று உள்ளன.