மீனுக்குக் கண் பரிசோதனை
மீனிடம் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தக் கோடு போட்ட உருளை.

நடுவில் இருப்பது கருவுற்று 5 நாளான வரிக்குதிரை மீன் குஞ்சு. நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். நீந்தி ஓடாதபடி மெத்தில் செல்லுலோஸ் கூழில் நிறுத்தியிருக்கிறோம். கண்ணை உருட்டத் தடையில்லை. உருளை சுழலும்போது உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள்: கண் கோட்டோடு மெல்ல நகரும், வெடுக்கென்று திரும்பும், மறுபடி தொடரும். ஓடும் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நம் கண்ணும் இதையேதான் செய்கிறது. கோடுகளை மெலிதாக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கண் நின்றுவிடும். பார்வைக் கூர்மையின் எல்லை அதுவே.

1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தச் சோதனை மூலம் பிரித்தெடுத்த ஒரு மரபுத் திரிபு மீன், வெள்ளை ஒளியில் கோட்டைத் தொடர்ந்தது. சிவப்பு ஒளியில் தடுமாறியது. சிவப்பை உணரும் கூம்புச் செல்கள் அதற்கு இல்லை.

தயவுசெய்து கண்ணாடியைத் தட்டாதீர்கள்.