சொக்கலிங்கம் மகள் பிடித்த எழுதுகோல்

சொக்கலிங்கம் என்ற பெயரைச் சொல்ல நமக்கு நாக்குத் தடுமாறுமா? மதுரையிலே கூப்பிடுங்கள், காரைக்குடியிலே கூப்பிடுங்கள். கூப்பிட்ட குரலுக்கு இருவராவது திரும்பிப் பார்ப்பர். அமெரிக்க நகைச்சுவை மேடைகளிலேயோ, அந்தப் பெயரை அறிவிக்க வேண்டியவர்கள் திணறினார்கள்; திணறலை மறைக்கப் பெயரையே கேலிப் பொருளாக்கினார்கள். மேடையேற வந்த இளம்பெண் பார்த்தார். பெயரின் தலையை வெட்டினார், வாலை வெட்டினார், நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டார். வீரா மிண்டி சொக்கலிங்கம், மிண்டி கேலிங் ஆனார்.

பெயரைச் சுருக்கிக்கொண்டவர் எழுத்தைச் சுருக்கவில்லை. இன்று அந்தப் பெயர் நூல்களின் அட்டையிலே இருக்கிறது. அவர் ஒருவர்தானா? அவரோடு நடித்த கூட்டமே எழுதுகோல் ஏந்தியிருக்கிறது! அந்தக் கூட்டத்தையும் அவர்கள் தந்த ஏடுகளையும் பற்றிச் சற்றே பேசுவோம்.

'தி ஆஃபீஸ்' என்பது அவர்கள் நடித்த தொலைக்காட்சி நகைச்சுவை. 2001இல் பிரிட்டனிலே ரிக்கி ஜெர்வைசும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் படைத்ததை, அமெரிக்காவுக்கு ஏற்றபடி ஆக்கித் தந்தவர் கிரெக் டேனியல்ஸ். 2005 மார்ச்சிலே தொடங்கி 2013 மே வரை, என்.பி.சி. தொலைக்காட்சியிலே 201 பகுதிகள் ஓடிற்று. பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ரான்டன் என்ற ஊர், அங்கே காகிதம் விற்கும் கம்பெனியின் கிளை அலுவலகம், இதுதான் களம். மன்னர் இல்லை, மாளிகை இல்லை, மாயாஜாலம் இல்லை. அசட்டு மேலாளர் ஒருவர், அவரைப் பொறுத்துக்கொள்ளும் ஊழியர் சிலர், மாலையானால் வீட்டுக்கு ஓடத் துடிக்கும் மனிதர்கள். மாதச் சம்பளக்காரரின் மௌனப் புழுக்கத்தைச் சிரிப்பாக்கிய காட்சி அது. அதனால்தான் முடிந்து ஆண்டுகள் பல ஆன பிறகும் பார்க்கிறார்கள், பார்த்ததையே திரும்பப் பார்க்கிறார்கள்.

சரி, நடித்தார்கள், சிரிக்க வைத்தார்கள். நடிகருக்கு நூல் எதற்கு என்று கேட்போர் உண்டு. புகழ் இருக்கிறது, அட்டையிலே போட முகம் இருக்கிறது, விற்றுத்தரப் பதிப்பகம் இருக்கிறது, உள்ளே எழுதித்தர யாரேனும் ஒருவர் கூலிக்குக் கிடைப்பார் என்று ஏளனம் பேசுகிறார்கள். ஏளனம் முழுப் பொய்யா? அல்ல. அத்தகைய ஏடுகள் ஏராளம் என்பதை நாமும் அறிவோம். ஆகவேதான் அளவுகோல் ஒன்று வேண்டும் என்கிறோம். எழுதிய கை யாருடையது? எழுதியதிலே அவர் பட்ட பாடு இருக்கிறதா? இவ்விரு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம்.

இந்தக் கூட்டத்திலே ஒரு புதுமை உண்டு. வசனம் எழுதியவர்களே வேடமும் பூண்டார்கள். கெல்லி கபூராக வந்த மிண்டி கேலிங் எழுத்தாளர். ரையனாக வந்த பி.ஜே. நோவக் எழுத்தாளர், டோபியாக வந்த பால் லீபர்ஸ்டைன் எழுத்தாளர். பிறர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவரே நடிகர் என்ற எண்ணம் அங்கே எடுபடவில்லை.

2004இல் அந்த எழுத்தாளர் குழுவிலே சேர்ந்தபோது மிண்டிக்கு வயது 24. எட்டுப் பேர் கொண்ட குழு. அதிலே அவர் ஒருவரே பெண். தந்தை தமிழர், கட்டடக் கலைஞர். தாய் வங்கத்துப் பெண்மணி, மகப்பேறு மருத்துவர். இருவரும் சந்தித்தது நைஜீரியாவிலே. 1979இல் அமெரிக்காவிலே குடியேறினர். அதே ஆண்டு மகள் பிறந்தார். 'மார்க் அண்ட் மிண்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையிலே கேட்ட பெயரை மகளுக்குச் சூட்டினர். தொலைக்காட்சி அவருக்குப் பெயர் கொடுத்தது. வளர்ந்து அவர் தொலைக்காட்சிக்குச் சிரிப்பைக் கொடுத்தார்!

2006 நவம்பரிலே, தீபாவளியை வைத்து ஒரு பகுதி எழுதினார் மிண்டி. ஸ்க்ரான்டன் அலுவலகமே திரண்டு விழாவுக்குப் போகிறது. அந்தக் காட்சியிலே கெல்லியின் பெற்றோராக வந்தவர்கள் யார் தெரியுமா? மிண்டியைப் பெற்ற தந்தையும் தாயும்! அறிவிப்பாளர் நாவிலே நுழைய முடியாத சொக்கலிங்கம், மகளின் எழுத்தைப் பற்றிக்கொண்டு அமெரிக்க வீடுகளின் கூடத்திலேயே நுழைந்துவிட்டார்.

உழைத்தவர் பெயர் உழைப்பின்மீது நிற்க வேண்டும். எளிய நியாயம்தான், எளிதிலே கிடைக்கிறதா? 2019இல் ஒரு பேட்டியிலே மிண்டி சொன்னார்: எம்மி விருதுக்கு நிகழ்ச்சியின் பெயர் சென்றபோது, தயாரிப்பாளர் பட்டியல் நீண்டுவிட்டது என்று தம் பெயரை நீக்கப் பார்த்தார்களாம். தாம் செய்த வேலையை எழுதிக் காட்டவும், உடன் பணியாற்றிய ஆடவரிடம் சான்றுக் கடிதம் வாங்கவும் நேர்ந்ததாம். விருது வழங்கும் அமைப்பு மறுத்தது. எவரையும் தனியே குறிவைக்கவில்லை, நடிப்பும் எழுத்தும் சேர்ந்த தயாரிப்பாளர் அனைவருக்கும் அன்று அதே விதி என்றது. உடனிருந்த ஆடவருக்கு அது நேரவில்லையே என்று திருப்பிச் சொன்னார் மிண்டி. தீர்ப்புக் கூற நாம் நீதிபதி அல்ல. எனினும் ஒன்று கேட்கிறோம். இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளை எழுதிய கை, 'இதிலே என் உழைப்பு உண்டு' என்று விண்ணப்பம் எழுத நேர்ந்ததே, அது சிறிய செய்தியா? அந்தக் கை தன் பெயரிலே நூல் எழுதினால், அதைத் தற்பெருமை என்று தள்ளலாமா?

அவருடைய முதல் நூல் 2011இல் வந்தது. 'என்னை விட்டுவிட்டு எல்லோரும் கூடிக் களிக்கிறார்களா?' என்று பொருள்படும் தலைப்பு. கூட்டத்திலே சேர்க்கப்படாத சிறுமியின் ஏக்கம் அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது. 2015இல் வந்த இரண்டாவது நூலின் தலைப்பு, 'ஏன், நானாக இருக்கக்கூடாதா?' ஏக்கம் உரிமைக் குரலாகிவிட்டது! தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒரு பெண் தம்மைக் கேட்டதை அதிலே எழுதுகிறார். பிறக்கும்போதே வந்த வரம் என்று அவர் கதை கட்டவில்லை. பாடுபட்டு ஈட்ட வேண்டிய சொத்து அது என்கிறார்.

நோவக்கின் கதைக்கு வருவோம். அவர் தந்தை வில்லியம் நோவக், பிறர் வாழ்க்கையைப் பிறர் குரலிலே எழுதித் தருவதில் வல்லவர். கிறைஸ்லர் மோட்டார் நிறுவனத் தலைவர் லீ ஐயகோக்காவின் தன்வரலாறு 1984இல் வெளிவந்தது. அதை உடனிருந்து எழுதியவர் வில்லியம் நோவக். 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விற்பனையில் அந்நூல் முன்னணியிலே நின்றது. எழுதிக் கொடுத்தவருக்கு ஒப்பந்தத் தொகை கிடைத்தது. விற்பனையிலே பங்கு கிடைக்கவில்லை. தமக்கு வந்த வருவாயை ஐயகோக்கா நீரிழிவு ஆராய்ச்சிக்கு வழங்கினார் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

அந்தத் தந்தையின் மகன் தன் பெயரிலே எழுதினார். 2014இல் ஒரு சிறுகதைத் தொகுதி. அதே ஆண்டிலே குழந்தைகளுக்கு ஒரு நூல். குழந்தை நூலின் பெயர், 'படங்கள் இல்லாத புத்தகம்'. உள்ளே ஒரு படமும் கிடையாது. ஒரே ஒரு விதி உண்டு. என்ன அசட்டுச் சொல் அச்சிடப்பட்டிருந்தாலும், படித்துக் காட்டும் பெரியவர் அதை உரக்கச் சொல்லியே தீரவேண்டும்! அப்பா உளறுகிறார், ஆசிரியர் உளறுகிறார், பிள்ளை கைகொட்டிச் சிரிக்கிறது. எழுத்து வைத்தால் வைத்ததுதான், பெரியவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே என்ற பாடத்தை, மழலைக்கு இதைவிட இனிமையாக யார் சொல்லித் தருவார்?

வரவேற்பு மேசைப் பெண் பாமாக நடித்த ஜென்னா ஃபிஷர், தாமே அலுவலகங்களில் வரவேற்பு வேலை பார்த்து வயிற்றைக் கழுவியவர். நடிப்புத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக 2017இல் அவர் எழுதிய கையேட்டிலே, வாய்ப்புக் கேட்டு அலைந்த ஆண்டுகளின் கணக்கு இருக்கிறது. முன்னுரை எழுதியவர், மேலாளராக நடித்த ஸ்டீவ் கேரல். பின்னர் 2022இல், தோழி ஏஞ்சலா கின்சியோடு சேர்ந்து நட்பின் கதையை எழுதினார் ஜென்னா. ரெய்ன் வில்சன் 2015இல் தன்வரலாறு தந்தார்.

கெவினாக நடித்த பிரையன் பாம்கார்ட்னர் என்ன செய்தார்? 2009இல் ஒளிபரப்பான ஒரு பகுதியிலே, அரும்பாடுபட்டுச் சமைத்த ஒரு பானை சில்லியை அலுவலகத் தரையிலே கொட்டிவிட்டுத் தவிப்பார் கெவின். சில்லி என்பது இறைச்சியும் அவரையும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் அமெரிக்கக் குழம்பு. அந்தச் சிரிப்பை நம்பி 2022இல் சில்லிச் சமையல் நூலே போட்டுவிட்டார்! இது புகழை விற்பதுதான், மறைப்பானேன்? ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, உடன் உழைத்தவர்கள் வாய்மொழியாகச் சொன்னவற்றைத் திரட்டி அந்த நிகழ்ச்சியின் வரலாற்றையும் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். ஒரு கையிலே கரண்டி, மறுகையிலே வரலாறு. கரண்டியை மன்னிப்போம், வரலாற்றை வாங்குவோம்.

நமது அளவுகோல் வைத்த சோதனை இதுதான். முகத்தை விற்ற ஏட்டைச் சிரித்துவிட்டு மூடிவிடலாம். பட்ட பாட்டைச் சொன்ன ஏட்டைப் படிப்பகத்திலே வைக்கலாம், பலர் கேட்க உரக்கப் படிக்கலாம்.

முடிக்குமுன் இன்னுமொரு செய்தி. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'நெவர் ஹாவ் ஐ எவர்' என்ற தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர் மிண்டி. நாயகி, அமெரிக்காவிலே வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவள் பெயர் தேவி விஸ்வகுமார். நடித்தவர் கனடாவிலே பிறந்த ஈழத் தமிழ்க் குடும்பத்து மகள் மைத்ரேயி ராமகிருஷ்ணன். இரண்டு பெயரிலும் ஓர் எழுத்துக்கூட வெட்டப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? தன் பெயரை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், பின்னே வருபவர் வெட்டாமல் நுழையக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஆகவே தோழர்களே, வீட்டிலே ஒரு பெண் மூலையிலே அமர்ந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தால், 'இவளுக்கு எதற்கு இந்த வேலை?' என்று கேட்காதீர்கள். காகிதம் வாங்கிக் கொடுங்கள். எழுதி முடித்ததும் அட்டையிலே பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். சொக்கலிங்கம் மகள் என்றால் சொக்கலிங்கம் மகள் என்றே இருக்கட்டும். படிக்கத் திணறுவோர் பழகிக்கொள்ளட்டும்!