உறைந்த நிலமும் ஒளிவுமறைவில்லாக் கணக்கும்

1828ஆம் ஆண்டு. சைபீரியாவிலுள்ள யாக்கூட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்பவர் தண்ணீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். தோண்டத் தோண்டத் தண்ணீர் வரவில்லை. பாறைபோல் உறைந்த மண்தான் வந்தது. அறிவியல் அறிஞர்களின் தூண்டுதலால் அந்த வேலை 1837 வரை நீடித்தது. 116 மீட்டர் ஆழம் போயும் மண் உறைந்தே இருந்தது! பாவம், ஷெர்கினுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. உலகிற்கு ஓர் உண்மை கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து வெப்பநிலை பூஜ்ய டிகிரிக்கு மேல் ஏறாத நிலத்தை உறைநிலம் என்கிறோம். கோடையில் அதன் மேலடுக்கு மட்டும் இளகும். குளிர்காலத்தில் மறுபடி இறுகும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மடிந்த செடிகொடிகளின் எச்சங்கள் அதனுள் அழுகாமல் கிடக்கின்றன. காற்று மண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரி அங்கே அடைபட்டிருக்கிறது. நிலம் இளகினால் நுண்ணுயிர்கள் அந்த எச்சங்களைத் தின்று கரியமில வாயுவையும் மீத்தேனையும் வெளிவிடும். உலகம் மேலும் சூடாகும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலிலும் இந்த மீத்தேன் ஆபத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆபத்து வருங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. அலாஸ்காவில் நியூடாக் என்ற சிற்றூரில் உறைநிலம் இளகியது; ஆறும் கரையை அரித்தது. 2019 முதல் ஊர் மக்கள் மெர்டார்விக் என்ற புது இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வீட்டையும் பள்ளியையும் எங்கே கட்டுவது என்று முடிவு செய்ய, அடியில் நிலம் எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டுமல்லவா? எல்லா இடத்திலும் ஷெர்கினைப்போல் தோண்ட முடியாது. எனவே கணக்குப் போடுகிறார்கள்.

அவற்றுள் மிக எளியது ‘உறைவெண்’. 1987இல் நெல்சன், அவுட்கால்ட் என்ற இருவர் இம்முறையை வெளியிட்டனர். இன்றைய சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்றால் குளிர்க் கணக்கில் 20 சேர்க்க வேண்டும். பூஜ்யத்துக்கு மேல் 5 என்றால் இளகல் கணக்கில் 5. இப்படி ஆண்டு முழுவதும் கூட்டுக. குளிர்த்தொகை 4900, இளகல் தொகை 1600 என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் வர்க்க மூலங்கள் 70, 40. எழுபதை இரண்டின் கூட்டுத்தொகையான 110ஆல் வகுத்தால் 0.64. விடை 0.5க்கு மேல் இருந்தால் அங்கே உறைநிலம் இருக்கலாம் என்பது கணிப்பு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெண்பனி குளிரானதுதான், ஆனாலும் தடித்துப் படிந்தால் நிலத்துக்குக் கம்பளிபோல் ஆகிவிடும். வெளிக்குளிர் மண்ணுக்குள் இறங்காது. மண்ணை எட்டும் குளிர்த்தொகை 900 மட்டுமே என்றால், 30ஐ 70ஆல் வகுக்க, விடை 0.43! அதே ஊர், அதே காற்று. ஆனால் விடை தலைகீழ். பனியை மறந்த கணக்கை நம்பிக் கட்டிடம் எழுப்பினால் என்ன ஆகும்?

நம் கணித வகுப்பில் விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடையாது. வழிமுறையையும் காட்ட வேண்டும். திறந்த மூல மென்பொருள் என்பதும் அதுதான். கம்ப்யூட்டர் எந்த வரியில் எதைக் கூட்டியது, எதை வகுத்தது என்பதை எவரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம். உறைவெண் கணக்கை அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழுவினர் பைத்தான் மொழியில் இவ்வாறு திறந்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தாரும் பிறரும் வளர்க்கும் ‘கிரையோகிரிட்’ இன்னும் நுட்பமானது. பனி, நீர், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கணக்கிடும். ஆனால் ஒரு குறை: அந்த நிரல் இலவசம்தான், அதை இயக்கும் மேட்லாப் என்ற மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டும். வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்குக் கட்டணம் கேட்பதுபோல்!

சரி, இதற்கு நாம் என்ன உதவி செய்ய முடியும்? நிரல் எழுதத் தெரிந்தால்தான் என்றில்லை. 1991இல் தொடங்கிய ஓர் உலகளாவிய திட்டத்தில், ஒரு சதுர நிலத்தை 121 புள்ளிகளாகப் பிரித்து, கோடை முடிவில் ஒவ்வொரு புள்ளியிலும் உலோகக் கம்பியைக் குத்திப் பார்க்கிறார்கள். கம்பி முட்டி நிற்கும் ஆழமே இளகிய ஆழம். இந்த அளவுகளோடு மென்பொருளின் விடைகளை ஒப்பிட்டுத்தான் பிழை காண்கிறார்கள்.

அங்கே போக இயலாதவர்கள் நிரலைச் சோதிக்கலாம். நாம் மேலே பார்த்த கணக்கையே கையால் போட்டு, கம்ப்யூட்டரின் விடையோடு ஒப்பிடலாம். வெப்பநிலைப் பட்டியலை வெறுமையாக விட்டால் இரு தொகையும் பூஜ்யமாகலாம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் நிரல் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். தவறு கண்டால், என்ன கொடுத்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்ற மூன்றையும் தெளிவாக எழுதி அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்ப வேண்டும். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரியில் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது.