உஷார்! இடதுபக்க சீட்டில் தூங்காதீர்கள்

அரையாண்டு லீவில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, "நாம ரெண்டு பேரும் மட்டும் கார்ல ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று கிளம்பும் தம்பதிகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஸ்டீயரிங் பிடிக்காமல் பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கு.

மார்கழி பிறந்தாலே ஒரு பயணத் திட்டம் போனுக்குப் போன் பறக்கத் தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை சென்னையில் கிளம்பு, இ.சி.ஆர். வழியாக ராத்திரி முழுக்க ஓட்டு, சனிக்கிழமை காலை தனுஷ்கோடியில் சூரிய உதயம், மதுரையில் மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் கொடைக்கானல். கடலும் மலையும் ஒரே நாளில்! கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! கூட்டிப் பாருங்கள், 800 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஓட்டுகிறவரோ ஒரே ஒருவர். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர், இரண்டாம் நாள் சாயங்காலம் மலைப்பாதையில் ஏறப்போகிறார். தயவுசெய்து அந்தத் திட்டத்தை இப்போதே அழித்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் நானும் என் கணவரும் கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில், ரோடும் காலி. இறக்கம்தானே, டீசல் மிச்சமாகட்டும் என்று அவர் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினார். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வந்தது. "ஏங்க..." என்று வாயெடுத்தேன். அன்று காலையில்தான், "வண்டி ஓட்டும்போது நொய்நொய்னு பேசாதம்மா, கவனம் சிதறுது" என்று சொல்லியிருந்தார். எதற்கு வம்பு என்று அடக்கிக்கொண்டேன். வாடை அதிகமானது. அப்போதும் பேசவில்லை. டம்டம் பாறைக்குப் பக்கத்தில், எதிரே ஏறி வந்த லாரியின் டிரைவர் கையை வெளியே நீட்டி, "அண்ணே, சக்கரத்துல புகை வருது, ஓரங்கட்டுங்க!" என்று கத்தினார். அதற்குள் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகத் தொடங்கியிருந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் பக்கம் உரசினாற்போலக் கொண்டுபோய் நிறுத்தினார். எதிர்ப்பக்கம் முழுக்கப் பள்ளம்.

"வாடை முன்னாடியே வந்துச்சுங்க. நான்தான் சொல்லல" என்றேன். "ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றையில் இருந்து இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். ஓட்டுகிறவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும். வாடை, சத்தம், அவருடைய கண் செருகுவது, அவர் பேச்சு குழறுவது, மணி எத்தனை, இருட்ட இன்னும் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

பிரேக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோட்டில் இருந்து கொடைக்கானல் வரை சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. சமவெளியில் இருந்து 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். திரும்பும்போது அத்தனையும் இறக்கம். வண்டியின் எடை முழுவதையும் பிரேக்கே தாங்கினால் அது சூடாகிப் பழுக்கும், பழுத்தால் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மலை டிரைவர்களுக்கு இதற்கு ஒரே சூத்திரம்தான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை பாதியாகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓடவைக்கச் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பவர் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் போய், எல்லாம் கல்லாக இறுகிவிடும். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது சட்டம். இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும்.

இனி இ.சி.ஆர். சாலை வழவழவென்று நேராகப் போவதுதான் இதன் ஆபத்தே. ஜன்னலை இறக்கினால் கடல்காற்று, உடம்புக்கு இதமான குளிர், ஒரே மாதிரி ஓடும் வெள்ளைக்கோடு. தாலாட்டுப் போல இருக்கும். ராத்திரி இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும் நேரம்; டீயோ பாட்டோ அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. 90 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் சொருகினால் கார் 100 மீட்டர் தானாகப் போயிருக்கும். அந்த 100 மீட்டரில் என்னென்ன நிற்கலாம்? மரக்காணம் பக்கம் ரோட்டிலேயே படுத்திருக்கும் மாடு. கடலூர், நாகப்பட்டினம் பக்கம் போனால், பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றி ஊரும் டிராக்டர். காயப் போட்ட கதிரைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், இருட்டில் கண்ணுக்கே தெரியாது.

இதையெல்லாம் விட எனக்கு அடிவயிறு கலங்குவது பாதயாத்திரைக்காரர்களை நினைத்துத்தான். தைப்பூசம் நெருங்க நெருங்க, பழனியை நோக்கிக் குடும்பம் குடும்பமாக ரோட்டோரம் நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடியற்காலையிலும் நடப்பவர்கள்தான் அதிகம். தோளில் காவடி, கையில் குழந்தை, காலில் செருப்பில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கத்து ரோடுகளில் மார்கழி, தைப் பனியில் கார் விளக்கு அவர்களைக் காட்டும்போது, நாம் ஏற்கெனவே அவர்கள் மேல் போய்விட்டிருப்போம். நம் ஜாலி ட்ரிப்புக்காக ஒரு பக்தர் சாகக் கூடாது. தைப்பூச வாரத்தில் அந்த ரோடுகளில் இருட்டில் ஓட்டவே வேண்டாம் என்பேன். வேறு வழியில்லை என்றால் நாற்பதைத் தாண்டாதீர்கள்.

பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணையே குத்தும். லோபீம் போடுங்கள், இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பிடித்துப் போங்கள். நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கு மட்டும். உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்துக்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். பெண்கடல் சாதுவானது என்று கேட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். வாடைக்காற்று அடிக்கும் இந்த மாதங்களில் அதுவும் சீறும். தனுஷ்கோடி அரிச்சல்முனையின் பெயரைப் பாருங்கள். கடல் அரித்துக்கொண்டே இருக்கும் முனை அது. இரண்டு பக்க நீரோட்டமும் மோதும் இடத்தில் காலடி மணல் சரியும். படம் எடுக்க முழங்கால் தண்ணீர் வரை போவதும் ஆபத்துதான். மாமல்லபுரம், கோவளம் கடற்கரைகளிலும் அலை திரும்பும்போது இழுக்கும் இழுப்பு, நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோகும். சிக்கிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பில் இருந்து வெளியே வர வேண்டும். இரவெல்லாம் ஓட்டிக் களைத்த உடம்புக்கு அந்தத் தெம்பு எங்கே இருக்கும்? துணைவர் தண்ணீரில் இறங்கினால், கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

கொடைக்கானலுக்குப் பதிலாக ஊட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. போனில் மேப் காட்டும் குறுக்குவழியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஊட்டி போகும் பாதையில் 36 கொண்டைஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. 2018 அக்டோபரில் சென்னையில் இருந்து போன ஒரு கார் அந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்திருந்தார்கள். இரண்டு பேர் அந்த இரண்டு நாளும் உயிரோடு உள்ளே கிடந்திருக்கிறார்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. அதனால் எந்த வழியாக, எத்தனை மணிக்குள் போய்ச் சேருவோம் என்று ஊரில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் அவர் தேட ஆரம்பிக்க வேண்டும். இ-பாஸை முன்னாடியே எடுத்துவிடுங்கள். 2024 மே மாதத்தில் இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். செக்போஸ்ட்டில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தால் அங்கேயே இருட்டிவிடும்.

அறைக்குள் போய்விட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் இருவர், பார்பெக்யூ அடுப்புக்கரியை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி, விடியும்போது பிணமாகக் கிடந்தார்கள். கரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. முதலில் லேசான தலைவலி, பிறகு தூக்கம், அவ்வளவுதான். எத்தனை குளிர் அடித்தாலும் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வேண்டாம். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். இன்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் தூங்குவதும் இதே எமன்தான்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இந்த மாதங்களில் மலையும் கடலும் அவ்வளவு அழகு. ஆனால் கடலுக்கு இரண்டு நாள், மலைக்கு இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுத்துத் தூங்குங்கள். மலைப்பாதையை மத்தியானம் மூன்று மணிக்குள் ஏறி முடிக்கிற மாதிரி கிளம்புங்கள். லீவு நான்கு நாள் இல்லையென்றால் கடலையோ மலையையோ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்று ஒரு காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்னாடி, வீட்டு வாசலிலேயே, ஓட்டப் போகிறவரிடம் ஒரு வாக்கு வாங்குங்கள். "நான் 'நிறுத்துங்க'ன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேக்காம நிறுத்தணும்." என் கணவர் இப்போது அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுக்கிறார். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.