சோதித்துச் சொல்பவருக்கும் கூலி உண்டு

பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பைப் பார்வையற்ற ஒருவரின் கணினியில் திறந்தால், என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் அதை அம்மா என்று வாசிக்காது. எழுத்தெழுத்தாகக் கேட்டால் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று ஒப்பிக்கும். பாமினி கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகள். இலங்கையில் கடிதமும் அறிவித்தலும் பல்லாண்டுகளாக இந்த எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டன. இன்னமும் அடிப்பவர்கள் உண்டு.

கண் தெரிந்த மென்பொருள் பொறியியலாளருக்கு இந்தக் கோளாறு தட்டுப்படாது. காதால் வாசிக்கிற ஒருவர் சொன்னால்தான் தெரியும். அப்படிச் சொல்வது இன்று காசு கிடைக்கும் வேலை.

ரொறன்ரோவில் 2018இல் ஆழ்வார் பிள்ளையும் அபித் விரானியும் தொடங்கிய ஃபேபிள் நிறுவனத்தின் தொழிலே இதுதான். இணையத்தளம், செயலி செய்யும் கம்பனிகளுக்காக மாற்றுத்திறனாளிகள் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்கிறார்கள். அதற்குப் பணம் பெறுகிறார்கள். இத்தகைய சோதனையில் வங்கிச் செயலி ஒன்றைக் கொடுத்து, பணம் அனுப்பிக் காட்டுங்கள் என்பார்கள். கைபேசியில் டாக்பேக் திரைவாசிப்பான் ஓடும். விரல் நகர நகரக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லும். ஓரிடத்தில் 'பட்டன்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். அனுப்புவதற்கான பட்டனா, ரத்துச் செய்வதற்கானதா? அங்கே சோதிப்பவர் ஏன் தயங்கினார், எதை ஊகித்தார், எப்படித் திரும்பிப் போனார் என்பதெல்லாம்தான் கம்பனிக்கு வேண்டிய தகவல். எந்தப் பொறியியல் பட்டமும் அதைக் கற்றுத் தராது.

குரலுக்கும் இப்படி ஒரு திட்டம் உண்டு. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் 2022 ஒக்டோபரில் பேச்சு அணுகல் திட்டத்தைத் தொடங்கியது. அமேசன், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசொப்ட் ஆகிய ஐந்தும் அதன் பின்னால் நிற்கின்றன. பார்கின்சன், பெருமூளை வாதம், பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் தடுமாறுகிறவர்கள் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால், அதற்குக் கொடுப்பனவு உண்டு. ஆங்கிலத்தில் தொடங்கிய திட்டம் அது. கொன்னிப் பேசும் ஒருவரின் தமிழ், அதிலும் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ், எந்தக் கைபேசிக்கு விளங்கும்?

சக்கர நாற்காலியில் இருந்து பெற்ற அறிவை நீதிமன்றம் வரை கொண்டு போனவர் நம் நாட்டிலேயே இருந்தார். கலாநிதி அஜித் பெரேரா இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காரின் மீது மரம் முறிந்து விழுந்ததில் அவர் நடக்க முடியாதவரானார். பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் போய்வர வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தும் நடைமுறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2009இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2011 ஏப்ரல் 27இல் உயர் நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தக் கட்டளையிட்டது. சாய்தளத்தின் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதில் ஏறும்போது தோள் எங்கே வலிக்கிறது என்பதை ஏறுகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு இயலாமையோடு வாழ்ந்தனர். கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைக்கு ஆய்வுப் படிவம் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு அதை நிரப்பி நிரப்பிக் களைத்த ஊர்கள் இவை. ஆனால் சொன்ன பதிலுக்கும் செலவான நேரத்துக்கும் ஊதியம் கேட்கலாம் என்ற எண்ணம் இன்னும் இங்கே வேர்விடவில்லை. மாற்றுத்திறனாளியின் கைக்கு வரும் காசு ஸதக்காவாக, தருமமாகத்தான் வர வேண்டுமா? தொழிலாளியின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற நபிமொழி இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது இவர்களுக்கும் பொருந்தும்.

இப்படியான சோதனைக்கு அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியவை சில. எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை, எப்போது கைக்கு வரும்? குரலும் முகமும் பதிவானால் யார் கேட்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள்? பாதியில் விலகினால் அதுவரை செய்ததற்குக் காசு உண்டா? ஆட்டோச் செலவையும் கூட வருபவரின் செலவையும் சைகை மொழிபெயர்ப்பாளரின் கட்டணத்தையும் யார் தருவது? பெண்கள், ஒரு பெண்ணே பேட்டி எடுக்க வேண்டும், வீடியோ வேண்டாம் என்று கேட்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் முடியாது என்று சொன்னாலும் தவறில்லை.

பணம் வரும் வழியை முன்கூட்டியே பேசிக்கொள்வது முக்கியம். வெளிநாட்டுக் கம்பனிகள் பேபாலில் அனுப்புவதாகச் சொல்லும். ஆனால் அதன் வழியாகப் பணம் பெறும் வசதி இலங்கையருக்கு நீண்டகாலமாகக் கிடைக்கவில்லை. வங்கிக் கணக்குக்கோ பயோனியர் பணப்பரிமாற்றச் சேவை வழியாகவோ அனுப்பச் சொல்வது நல்லது. வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இத்தகைய சோதனையை வெளிநாட்டுக் கம்பனிகள்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், கல்முனை மாநகர சபையும், இங்கே கிளை வைத்திருக்கும் வங்கிகளும் தமிழில் ஒரு செயலியையோ இணையத்தளத்தையோ வெளியிடும் முன், பார்வையற்ற ஒருவரையும் கை நடுங்கும் ஒருவரையும் அழைத்துச் சோதித்துப் பார்க்கட்டும். அதற்கான ஊதியத்தைத் திட்டச் செலவிலேயே ஒதுக்கட்டும்.