சுருள் பேரடை மையங்களில் விண்மீன் உருவாக்கம்: அகச்சிவப்பு நோக்கீடுகள்

சுருள் விண்மீன் பேரடைகளின் மையப் பகுதிகளில் நிகழும் விண்மீன் உருவாக்கத்தை அறிய வானியலாளர்கள் பெரிதும் சார்ந்திருப்பது அகச்சிவப்பு நோக்கீடுகளையே ஆகும். இதற்குக் காரணம் தூசு. விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த வளிம முகில்களில் தூசும் கலந்திருப்பதால், பிறப்பு மிகுந்த இடமே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மறைந்துபோகிறது. நமது பால் வழியின் மையத்திலிருந்து வரும் அத்தகைய ஒளியில் ஏறத்தாழ இலட்சம் கோடியில் ஒரு பங்கே புவியை அடைகிறது; 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்திலோ ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு தப்பி வருகிறது.

அகச்சிவப்பு என்ற ஒரே பெயரில் இரு வேறு செய்திகள் அடங்கியுள்ளன. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அண்மை அகச்சிவப்பில் பெரும்பாலும் தெரிவது, தூசைக் கடந்து வரும் விண்மீன்களின் ஒளி. தொலை அகச்சிவப்பு, தூசு தானே உமிழ்வது. இளம் பெருவிண்மீன்களின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சும் தூசு, சில பத்து கெல்வின் வெப்பநிலையை அடைந்து, அந்த ஆற்றலை 60 முதல் 100 மைக்ரோமீட்டர் அளவில் மிகுதியாக வெளியிடுகிறது. ஆகவே விண்மீன்களை மறைக்கும் தூசே அவற்றின் கணக்கையும் தருகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1783 இல் கரோலின் ஹெர்ச்செல் கண்டறிந்த என்ஜிசி 253. இது சுமார் 1.1 கோடி ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. இதன் மையத்தில் சுமார் ஆயிரம் ஒளியாண்டுகள் அளவேயான பகுதியில், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சூரிய நிறை அளவு விண்மீன்கள் உருவாகின்றன. பால் வழி முழுவதும் சேர்ந்து உருவாக்குவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். 1980 இல் ஜார்ஜ் ரீக்கியும் உடன் ஆய்வாளர்களும் இம்மையத்தின் அகச்சிவப்பு ஒளியைத் திடீர் விண்மீன் பிறப்புப் பெருக்கத்தால் விளக்கினர்.

தொலை அகச்சிவப்பைப் புவி வளிமண்டலத்தின் நீராவி உறிஞ்சிவிடுகிறது. எனவே 1983 இல் ஐராசு செய்மதி ஏவப்பட்டது. தொலைநோக்கியின் சொந்த வெப்பமே நோக்கீட்டைக் கெடுத்துவிடும் என்பதால், அது நீர்ம ஈலியத்தால் குளிர்விக்கப்பட்டது. ஈலியம் தீர்ந்ததும், சுமார் பத்து மாதங்களில் அதன் பணி முடிந்தது. பின்னர் வந்த இசுப்பிட்சர், ஹெர்ச்செல், ஜேம்சு வெப் ஆகியவை மையங்களை மேலும் நுணுக்கமாகக் காட்டின.

எனினும் சூடான தூசு மட்டுமே விண்மீன் பிறப்புக்குச் சான்றாகாது. முதிய விண்மீன்களும், மையக் கருந்துளையில் விழும் பொருளும்கூடத் தூசைச் சூடாக்கும். எம் 77 பேரடையில் இச்சிக்கல் நேரடியாகவே உள்ளது. அங்கு செயல்படும் கருந்துளையும் அதைச் சூழ்ந்து விண்மீன் பிறப்பும் காணப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிய நியான் நிறமாலைக் கோடுகள் உதவுகின்றன. 12.8 மைக்ரோமீட்டர் கோட்டை இளம் விண்மீன்களே உண்டாக்க முடியும். 14.3 மைக்ரோமீட்டர் கோட்டுக்கோ நான்கு எதிர்மின்னிகளை இழந்த நியான் தேவை. அது வலுவாகத் தோன்றினால், அங்கு கருந்துளையின் பங்கு உண்டெனக் கொள்ளப்படுகிறது.