தேர் நிலைக்கு வந்த நாள்



எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலுக்கு நீங்கள் வந்ததுண்டா? புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர்ப் பக்கம் உள்ள சிறிய ஊர். பாறைக் குன்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் அமைத்திருக்கிறார்கள். அதன் முன்னே ஒரு கல் மண்டபம். குதிரைகள் இழுத்துச் செல்லும் தேர் போலவே அதைச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் குடிக்க என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

2024 டிசம்பர் 18, புதன்கிழமை. அரையாண்டுத் தேர்வு நேரம். அன்று மாலை பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. வினாத்தாள் கடினம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"தேர்வு இல்லை சார்! அஸ்வின் ஓய்வு பெற்றுட்டார்!" என்றான் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவன் கண் கலங்கியிருந்தது.

"இன்னும் ரெண்டு டெஸ்ட் பாக்கி இருக்கு சார். பாதியிலேயே விட்டுட்டுப் போகலாமா? கடைசியா ஒரு ஆட்டம் ஆடி, எல்லாரும் கைதட்டி அனுப்ப வேண்டாமா?" என்று கோபமாகக் கேட்டான் இன்னொருவன்.

நல்ல கேள்வி! அன்று நாடு முழுவதும் லட்சக்கணக்கான ரசிகர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வாருங்கள், நாமும் யோசிப்போம்.

பிரிஸ்பேனில் என்ன நடந்தது?

இந்திய அணி ஆஸ்திரேலியாவில் 5 டெஸ்ட் போட்டிகள் ஆடச் சென்றிருந்தது. மூன்றாவது டெஸ்ட் பிரிஸ்பேன் நகரின் காபா மைதானத்தில் நடந்தது. அந்த டெஸ்டில் ஆடும் 11 பேரில் அஸ்வின் இல்லை. கடைசி நாளன்று மழை. ஆட்டம் நின்றிருந்த நேரத்தில், வீரர்களின் அறையில் விராட் கோலி அஸ்வினைக் கட்டியணைப்பது தொலைக்காட்சியில் தெரிந்தது. "என்னவோ நடக்கிறது" என்று ரசிகர்கள் பேச ஆரம்பித்தார்கள். போட்டி டிராவில் முடிந்தது. அணித்தலைவர் ரோஹித் சர்மாவுடன் செய்தியாளர்கள் முன் வந்து அமர்ந்தார் அஸ்வின். இந்தியாவுக்காக ஆடுவது இன்றோடு முடிந்தது என்று சுருக்கமாகச் சொன்னார். எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான்!

எதிரணித் தலைவர் பாட் கம்மின்சும், அஸ்வினைப் போலவே சுழற்பந்து வீசும் நேதன் லயனும் ஆஸ்திரேலிய வீரர்கள் கையெழுத்திட்ட சட்டையை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பார்த்தீர்களா, எதிரணியின் அன்பை!

இந்தக் காபா மைதானத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி. அது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதல்ல. 'ஆஸ்திரேலியக் கால்பந்து' என்று ஒரு விளையாட்டு உண்டு. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர்! பிரிஸ்பேன் லயன்ஸ் என்ற அணிக்குக் காபாதான் சொந்த மைதானம். அந்த ஆட்டத்தில் பல்லாண்டு ஆடிய மூத்த வீரர் விடைபெறும்போது, தோழர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வருவார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மெல்பர்னில் நடக்கும் இறுதிப் போட்டி நாளில், அந்த ஆண்டு ஓய்வு பெற்ற வீரர்களைக் கார்களில் ஏற்றி மைதானத்தைச் சுற்றி அழைத்து வருவதும் உண்டு.

அப்படிப்பட்ட மைதானத்தில், யார் தோளிலும் ஏறாமல் விடைபெற்றார் நம் சென்னைத் தம்பி!

மாம்பலத்துச் சொடக்குப் பந்து

அவர் யார், என்ன செய்தார் என்று கொஞ்சம் பார்ப்போமா?

ரவிச்சந்திரன் அஸ்வின் 1986 செப்டம்பர் 17-ல் பிறந்தவர். சென்னை மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். ஆமாம், உங்களைப் போலத்தான்! சிறு வயதில் அவர் தொடக்க ஆட்டக்காரர். மிதவேகப் பந்து வீசுபவர். இடுப்புப் பகுதியில் காயம்பட்டுப் பல மாதங்கள் ஆட முடியாமல் போனது. அதன் பிறகுதான் சுழற்பந்துக்கு மாறினார்.

அவருடைய 'கேரம் பந்து' உலகப் புகழ் பெற்றது. கேரம் காயைச் சுண்டுவது போல நடுவிரலால் பந்தைச் சுண்டிவிட வேண்டும். ஆஃப் ஸ்பின் போல உள்ளே வரும் என்று எதிர்பார்த்து நிற்கும் ஆட்டக்காரரை ஏமாற்றி, பந்து வெளியே போகும். சென்னைத் தெருக்களில் இதற்குப் பெயர் 'சொடக்குப் பந்து'. டென்னிஸ் பந்தில் தெருவில் கற்ற வித்தையைத்தான் அவர் உலக மேடைக்குக் கொண்டுபோனார்.

2011 நவம்பரில் டெல்லியில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அந்த ஒரே போட்டியில் 9 விக்கெட்! அதிலிருந்து 106 டெஸ்ட்களில் 537 விக்கெட்டுகள் எடுத்தார். இந்திய வீரர்களில் இவரைவிட அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் அனில் கும்ப்ளே (619) ஒருவர்தான். மட்டையாலும் 6 சதங்கள், 3503 ரன்கள். ஒருநாள், இருபது ஓவர் போட்டிகளையும் சேர்த்தால் இந்தியாவுக்காக மொத்தம் 765 விக்கெட்டுகள்!

ஆனால் பிள்ளைகளே, இந்த எண்களுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. இத்தனை பெரிய வீரர் வெளிநாடுகளில் பல முறை வெளியே உட்கார்ந்து தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார். 2021-ல் இங்கிலாந்தில் நடந்த 4 டெஸ்ட்களில் ஒன்றில்கூட அவருக்கு இடமில்லை. 2023-ல் லண்டனில் உலக டெஸ்ட் இறுதிப் போட்டி நடந்தபோது, தரவரிசையில் முதல் இடத்தில் இருந்த பந்துவீச்சாளர் அவர்தான். அப்போதும் வெளியேதான்!

தேர் எங்கே நின்றது?

எல்லாவற்றையும் சொன்ன பிறகும் அந்தப் பையனுக்குக் கோபம் ஆறவில்லை. "அப்படின்னா நல்லா வழியனுப்பியிருக்கணுமே சார்?" என்றான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இலங்கையின் முத்தையா முரளிதரனைப் பாருங்கள். 2010-ல் காலே நகரில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட்தான் தன் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். 800 விக்கெட்டை எட்ட அவருக்கு 8 விக்கெட்டுகள் தேவை. கடைசி விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி, சரியாக 800-ல் முடித்தார்! திருவிழாவில் தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து நிற்கும்போது ஊரே ஆரவாரம் செய்யுமே, அப்படி இருந்தது அது.

நம் சென்னை மேசைப்பந்து வீரர் சரத் கமல் இன்னொரு வகை. 5 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர். தேசியச் சாம்பியன் பட்டத்தை 10 முறை வென்றவர். 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த சர்வதேசப் போட்டியோடு விடைபெறுவேன் என்று முன்பே அறிவித்தார். தன்னைவிட மிக இளையவரான இந்திய வீரர் ஸ்நேஹித் சுரவஜ்ஜுலாவிடம் தோற்றார். தோற்றால் என்ன? சொந்த ஊர் ரசிகர்கள் கைதட்டி அனுப்பி வைத்தார்கள்.

அஸ்வினின் தேர் மட்டும் நடுவீதியில் நின்றுவிட்டது போல ரசிகர்களுக்குத் தோன்றியது. முன்னாள் அணித்தலைவர் சுனில் கவாஸ்கரும், தொடர் முடிந்த பிறகு ஓய்வை அறிவித்திருக்கலாமே என்றார். வேறு பலர், அது அவருடைய முடிவு, மதிப்போம் என்றார்கள்.

அஸ்வின் என்ன நினைத்தார் தெரியுமா? பின்னர் தன் யூடியூப் பக்கத்தில் அவரே இதைப் பற்றிப் பேசினார். வழியனுப்பும் போட்டி என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியில்லாமல் ஓர் இடம் தனக்கு வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இதைச் சொன்னதும் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி வாய் திறந்தாள். பையன்கள் அவளுக்குப் பந்து வீச வாய்ப்பே தரமாட்டார்கள். எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்குவதுதான் அவள் வேலை.

"சார், அவர் இடம் இனிமே யாருக்குக் கிடைக்கும்?" என்று கேட்டாள்.

பார்த்தீர்களா! எல்லோரும் போனவரை நினைத்துக்கொண்டிருந்தபோது, வரப்போகிறவரை நினைத்தவள் அவள் ஒருத்திதான். வெளியே காத்திருப்பவருக்குத்தானே அந்த வலி தெரியும்?

அவள் கேள்விக்குப் பதில் எட்டே நாளில் கிடைத்தது. மெல்பர்னில் தொடங்கிய அடுத்த டெஸ்டில் சென்னையின் இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அரை சதம் அடித்தார். 2025 ஜூலையில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் சதம் அடித்து, ஜடேஜாவோடு சேர்ந்து தோல்வியைத் தடுத்தார்.

தெரியாமலே நடந்த விழா

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பர், சேப்பாக்கம் மைதானம். வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட்டுகளை இழந்து தவித்தது. அஸ்வின் வந்தார். 113 ரன் அடித்தார். இரண்டாவது இன்னிங்சில் 6 விக்கெட்டுகளையும் எடுத்தார். இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் வென்றது. சேப்பாக்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சொந்த ஊரில் அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே நாம் அவருக்கு விழா எடுத்துவிட்டோம்!

டிசம்பர் 19-ஆம் தேதி அஸ்வின் சென்னை திரும்பினார். மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் மேளதாளம், மாலை, பூ. அப்பா அணைத்துக்கொண்டார். அம்மா கண்ணீரோடு கட்டிக்கொண்டார். எந்தத் தெருவில் ஆடத் தொடங்கினாரோ, அந்தப் பகுதிக்கே திரும்பி வந்துவிட்டார். இப்போது சொல்லுங்கள், தேர் நடுவீதியிலா நின்றது? நிலைக்குத்தானே வந்தது?

அதன் பிறகு 2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 27-ல் ஐ.பி.எல். போட்டிகளிலிருந்தும் விடைபெற்றார். மத்திய அரசு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

உங்களிடம் ஒன்று சொல்லட்டுமா? நான் ஓய்வு பெற்ற நாளில் எனக்குச் சந்தன மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் காலை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பள்ளி மணி வழக்கம் போல அடித்தது. 'நான் இல்லாமலே அடிக்கிறதே!' என்று நெஞ்சு கனத்தது. சற்று நேரத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. நான் சொல்லிக் கொடுத்த அதே ராகம்! அந்தச் சத்தம் மாலையையும் பொன்னாடையையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆகவே செல்லங்களே, உங்களுக்குப் பிடித்த வீரர் ஓய்வு பெற்றால் அழுங்கள், தப்பில்லை. அன்பு இருந்தால் அழுகை வரும். ஆனால் அவரைத் திட்டாதீர்கள். அவர் இடத்துக்கு வருகிறவரையும் வெறுக்காதீர்கள். அவரிடமிருந்து ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். ரசிகர் தரும் சிறந்த வழியனுப்பு அதுதான். உங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மா, நீங்கள் வரும் பேருந்தின் ஓட்டுநர் என்று உங்கள் அருகிலும் ஓய்வு பெறுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல மறக்காதீர்கள்.

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? மறுநாள் மாலை, அந்தக் கோபக்காரப் பையன் பந்தை அவள் கையில் கொடுத்து, "ஒரு ஓவர் நீ போடு" என்றான். அவள் நடுவிரலால் சுண்டினாள். சொடக்குப் பந்து! அது ஸ்டம்புக்குப் போகவில்லை. நேராக என் திண்ணைக்கு வந்து தண்ணீர்க் குடத்தில் விழுந்தது!

"பரவாயில்லை, இன்னும் 5 பந்து இருக்கு" என்றான் அவன்.